மடாதிபதியின் கடிதக் கட்டு

1137-ம் வருஷம் நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு, இத்தாலியில் மாண்டி காஸினோ என்ற மலையிலிருந்து ஒரு மடாதிபதி யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போனார். மேல்நாட்டுத் துறவிகளுக்கெல்லாம் ஆதிகுருவான புனித பெனடிக்ட் நிறுவிய மடம் அந்த மலைமேல் இருக்கிறது. அந்தப் பீடத்தில் அவர் ஏறி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் சில நாள் அங்கே தங்கியிருந்தால் அவருடைய கழுத்துக்கே ஆபத்து. கையில் அகப்பட்டால் தூக்கில் போட்டுவிடுவதாக ஸிஸிலி அரசர் ரோஜர் மிரட்டினார் என்று அந்த மடத்துச் சரித்திரமே சொல்லுகிறது.

மடாதிபதிக்கும் தூக்குக் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருந்தது. ஜெர்மன் சக்கரவர்த்தி மூன்றாம் லோதார் பெரும் படையோடு தெற்கே வந்து ரோஜரை விரட்டினார். தமக்கு நம்பிக்கையான ஒரு மடாதிபதியை வடக்கேயிருந்து கூட்டி வந்திருந்தார். அவரை இந்த மலைமேல் உட்கார்த்தி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். சக்கரவர்த்தியின் குதிரைகள் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் ரோஜர் திரும்பி வந்துவிட்டார். புதிய மடாதிபதியைக் காப்பாற்ற யாரும் இல்லை. அறுபதைத் தாண்டிவிட்ட லோதாரோ வீடு போய்ச் சேரவே இல்லை. டிசம்பர் 4-ம் தேதி ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில், வழியிலேயே காலமானார்.

தப்பி ஓடியவரின் பெயர் விபால்ட். அப்போது அவருக்கு வயது 39. வேறு யாராவது என்றால் இந்த அனுபவத்துக்குப் பிறகு, "ராஜாங்க விவகாரமே வேண்டாம், ஜபமாலை போதும்" என்று ஒதுங்கியிருப்பார்கள். விபால்ட் ஒதுங்கவில்லை. மேலும் இருபது வருஷம், இரண்டு மன்னர்களின் நிழலில், ஜெர்மானிய சாம்ராஜ்யத்தின் விவகாரங்களில் மூழ்கிக் கிடந்தார். அப்படி மூழ்கியவர்கள் சரித்திரத்தில் ஆயிரம் பேர் உண்டு. அந்த ஆயிரம் பேரில் இவரைப் பற்றி மட்டும் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அவர் விட்டுச் சென்ற கடிதக் கட்டு.

முதலில், அந்த நாட்டில் மடாதிபதி என்றால் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். காவியும் கமண்டலமுமாக ஒரு சாதுவை நினைத்துக்கொண்டால் கதை புரியாது. ஜெர்மானிய சாம்ராஜ்யத்தில் சில மடங்கள் எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், நேராக மன்னருக்கே கட்டுப்பட்டவை. அவற்றின் தலைவர் துறவியும் ஆவார்; சிற்றரசரும் ஆவார். அவருக்குக் கிராமங்கள் உண்டு, குடியானவர்கள் உண்டு, நியாயஸ்தலம் உண்டு, கோட்டை உண்டு. மன்னர் போருக்குப் போனால் குதிரைப்படை வீரர்களை அனுப்ப வேண்டிய கடமையும் உண்டு. துறவி கையில் வாளெடுக்கக் கூடாது என்பதால், மடத்துக்காக வாளெடுக்கவும் மரணதண்டனை போன்ற வழக்குகளை விசாரிக்கவும் ஒரு பிரபு நியமிக்கப்படுவார். 'வோக்ட்' என்று அவருக்குப் பெயர். மடத்தைக் காப்பாற்ற வந்த வோக்ட் மடத்து நிலத்தை மெல்ல மெல்லத் தன் நிலமாக்கிக்கொள்வதும், மடாதிபதி மன்னரிடம் போய் முறையிடுவதும் அந்தக் காலத்து அன்றாடச் செய்தி. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இந்தச் சிற்றரசர்களை நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதில் மன்னருக்கும் போப்பாண்டவருக்கும் ஐம்பது வருஷச் சண்டை நடந்தது. 1122-ம் வருஷம் வோர்ம்ஸ் நகரத்தில் ஒரு சமரசம் ஏற்பட்டது. மோதிரமும் கைத்தடியும் ஆன்மிக அதிகாரத்தின் அடையாளங்கள். அவற்றைத் திருச்சபை கொடுக்கும். நிலபுலன்களுக்கு அடையாளமான செங்கோலை மன்னர் கொடுப்பார். ஆக, ஒரே மனிதர் இரண்டு எஜமானர்களிடம் கை நீட்டி நிற்க வேண்டும். விபால்டின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு கைகளுக்கு நடுவிலேதான் கழிந்தது.

அவர் 1098-ல் பிறந்தவர். பெரிய பிரபு வம்சம் அல்ல. ஸ்டாவ்லோ மடத்தின் ஊழியத்தில் இருந்த குடும்பம். இன்றைய பெல்ஜியத்தில் ஆர்டென்ஸ் காடுகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் ஸ்டாவ்லோ. ஏழாம் நூற்றாண்டில் புனித ரெமாக்லஸ் அங்கே ஒரு மடமும், பக்கத்தில் மால்மெடியில் இன்னொரு மடமும் நிறுவினார். இரண்டுக்கும் ஒரே தலைவர். அந்த மடத்திலும் லீயேஜ் நகரத்திலும் விபால்ட் படித்தார். லீயேஜ் அந்தக் காலத்தில் கல்விக்குப் பேர்போன ஊர். பழைய லத்தீன் ஆசிரியர்களில் அவருக்கு ஏற்பட்ட ஆசை கடைசி வரை விடவில்லை. 1130-ம் வருஷம் நவம்பரில் ஸ்டாவ்லோ துறவிகள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மடத்து வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை மடத்துக்கே அதிபதியானார். பறிபோன நிலங்களை ஒவ்வொன்றாக மீட்டார். லோஞ் என்ற மலைக்கோட்டையைப் பலப்படுத்தினார். கணக்கும் கண்டிப்பும் உள்ள நிர்வாகி என்று பெயர் எடுத்தார். அந்தப் பெயர்தான் லோதாரின் காதுக்கு எட்டி, அவரை மாண்டி காஸினோ வரை இழுத்துக்கொண்டு போனது.

லோதாருக்குப் பின் 1138-ல் ஹோஹென்ஷ்டாஃபன் குடும்பத்துக் கொன்ராட் மன்னரானார். லோதாரின் மருமகனுக்குத்தான் பட்டம் கிடைக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், மாறி நடந்தது. இறந்துபோன எஜமானரின் ஆள் புதிய எஜமானரிடம் இடம் பிடிப்பது லேசான காரியமல்ல. விபால்ட் பிடித்தார். எப்படி என்றால், எழுத்தினால். மன்னருக்கு லத்தீன் எழுத வராது. போப்பாண்டவருக்கும் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த கிரேக்கச் சக்கரவர்த்திக்கும் ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் எழுதக்கூடிய ஆள் வேண்டியிருந்தது. கூடினால் பணிந்ததாக ஆகும். குறைந்தால் அவமதித்ததாக ஆகும். கொன்ராட் ரோமாபுரிக்குப் போய் முடிசூட்டிக்கொண்டவர் அல்ல. ஆகவே முறைப்படி அவர் சக்கரவர்த்தி இல்லை. இருந்தாலும் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போன கடிதங்களில் அவர் ரோமானியச் சக்கரவர்த்தி என்றே எழுதப்பட்டார். இப்படி ஒரு பட்டத்தைக் காகிதத்தில் முதலில் சூட்டிவிட்டு, தலையில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் ஒரு ராஜதந்திரம்தான்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மந்திராலயத்தின் தலைமைப் பதவி விபால்டுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. கொன்ராட் காலத்தில் அந்தப் பதவி அவருடைய நண்பர் அர்னால்டிடம் இருந்தது. விபால்டுக்கு உத்தியோகப் பெயர் எதுவும் கிடையாது. ஆனால் முக்கியமான கடிதம் என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். உத்தியோகம் இல்லாத செல்வாக்கு விசித்திரமானது. எடுத்துக்கொடுப்பதற்கு ஆணை இல்லை, பிடுங்கிக்கொள்வதற்கும் ஆணை தேவையில்லை.

1146-ல் இன்னொரு மடம் அவர் தலையில் வந்து விழுந்தது. ஸாக்ஸனியில், வேஸர் நதிக்கரையில் இருந்த அதன் பெயர் கோர்வை. நம் காதுக்குத் தமிழ்ச் சொல் மாதிரியே கேட்கிறது. 822-ல் ஏற்பட்ட பழைய மடம். புத்தகசாலைக்குப் பெயர் பெற்றது. ரோமானியச் சரித்திர ஆசிரியர் டாஸிடஸின் பெருநூலில் முதல் ஆறு பாகங்களும் பிற்காலத்துக்குக் கிடைத்தது கோர்வையில் இருந்த ஒரே ஒரு ஏட்டுப் பிரதியால்தான். அங்கே இருந்த மடாதிபதி ஹென்றி பதவியிழந்தார். ஸ்டாவ்லோவுக்கும் கோர்வைக்கும் நடுவே பல நாள் பிரயாண தூரம். இரண்டையும் ஒருவரே ஆள வேண்டும். கோர்வையில் இருக்கும்போது, "எப்போது வருவீர்கள்?" என்று ஸ்டாவ்லோ துறவிகள் எழுதுவார்கள். ஸ்டாவ்லோவில் இருக்கும்போது கோர்வையில் ஏதாவது ஒரு தகராறு கிளம்பும். இரண்டு இடத்திலும் இல்லாமல் மன்னரின் சபையில் இருப்பதே அதிகம்.

அந்தத் தகராறுகளில் ஒன்று எனக்கு நாவல் போலவே தோன்றுகிறது. பதவியிழந்த ஹென்றிக்கு யூடித் என்று ஒரு சகோதரி. நோர்ட்ஹைம் என்ற பழைய பிரபு வம்சத்துப் பெண். வேஸர் நதிக்கரையில் கெம்னாடே என்ற கன்னிமாடத்துக்கு அவள் தலைவி. மாடத்துச் சொத்துகளை வேண்டியவர்களுக்கு வாரி வழங்கினாள், ஒழுக்கமும் சரியில்லை என்று குற்றம் சாட்டி அவளையும் நீக்கினார்கள். 1147-ல் கொன்ராட் கெம்னாடேயையும், பிஷ்பெக் என்ற மற்றொரு கன்னிமாடத்தையும் கோர்வைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். செந்நீலச் சாயமேற்றிய தோலில் பொன் எழுத்தால் எழுதிய அந்தச் சாஸனத்தின் பிரதி இன்றும் இருக்கிறது. ஆனால் பொன் எழுத்தைப் பார்த்து யூடித் பயந்துவிடவில்லை. ஆயுதம் ஏந்திய ஆட்களோடு வந்து கெம்னாடேயில் மறுபடியும் புகுந்துகொண்டாள். பிஷ்பெக் பெண்களோ வாளும் எடுக்கவில்லை, வாயும் மூடவில்லை. கோர்வைக்கு அடங்க மாட்டோம் என்று மறுத்து, கடைசியில் அடங்காமலே தப்பித்துக்கொண்டார்கள். கெம்னாடே வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அங்கே கோர்வைத் துறவிகள் குடியேறினார்கள்.

யூடித்தைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் விபால்டின் கடிதங்கள் வழியாகத்தான். அவளை வெளியேற்றியவரே அவளுடைய கதையையும் எழுதி வைத்திருக்கிறார். அவள் கெட்டவளாகவே இருந்திருக்கலாம். இல்லை, அண்ணன் விழுந்ததும் அவளையும் சேர்த்துத் தள்ளியிருக்கலாம். அவள் வாயால் நாலு வரி கிடைத்திருந்தால் போதும். சரித்திரத்தில் வாள் வைத்திருப்பவன் ஒரு தடவை ஜெயிக்கிறான். நகல் எடுத்து வைத்திருப்பவன் எண்ணூறு வருஷம் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான்.

அதே 1147-ல் கொன்ராட் சிலுவைப் போருக்குப் புறப்பட்டார். பத்து வயது மகன் ஹென்றிக்கு முடிசூட்டி, மைன்ஸ் நகரத்து ஆர்ச்பிஷப்பைப் பாதுகாவலராக வைத்து, பக்கத்தில் விபால்டையும் நிறுத்திவிட்டுப் போனார். பையன் பெயரால் கடிதங்கள் புறப்பட்டன. 1150-ல் ஃப்ளோக்பெர்க் என்ற இடத்தில் அவனுடைய படை எதிரியை வென்றபோது, அந்தச் சந்தோஷச் சமாசாரம் கிரேக்கச் சக்கரவர்த்தி மானுவலுக்கும் அவருடைய ராணிக்கும் போயிற்று. அந்த ராணி ஜெர்மானியப் பெண், பையனுக்குச் சித்தி. அந்த வருஷமே பையன் இறந்துபோனான். வெற்றிச் செய்தி சுமந்த அந்தக் கடிதங்களைக் கட்டில் பார்க்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

1147 கோடையில் விபால்ட் தாமும் ஒரு போருக்குப் போனார். பால்டிக் கடற்கரையில் இருந்த ஸ்லாவிய மக்களின் மீது ஜெர்மானியர் தொடுத்த சிலுவைப் போர் அது. டெம்மின் என்ற கோட்டையை முற்றுகையிட்ட படையில் அவர் இருந்தார். அதற்கு அவரே சொல்லும் காரணங்களில் ஒன்று, ரூகன் என்ற தீவு தம் மடத்துக்குச் சொந்தம் என்பது. எப்போதோ ஒரு சக்கரவர்த்தி கோர்வைக்கு அந்தத் தீவைத் தானம் கொடுத்தாராம். அந்தத் தானப் பத்திரம் போலி என்பது பிற்கால ஆராய்ச்சியாளர்களின் முடிவு. முற்றுகை பலிக்கவில்லை. இலையுதிர் காலம் வருமுன்பே விபால்ட் மடத்துக்குத் திரும்பிவிட்டார். அந்தத் தீவை 1168-ல் டென்மார்க் மன்னர் பிடித்துக்கொண்டார். சிலுவையின் பெயரால் போன ஒரு மனிதர் மனத்துக்குள் நிலப் பட்டாவையும் வைத்திருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை; அவரே மறைக்கவில்லை.

இனி அந்தக் கட்டுக்கு வருவோம். கோர்வைக்கு வந்த காலத்திலிருந்து 1157 வரை, எழுதிய கடிதங்களையும் வந்த கடிதங்களையும் ஒரு தோல் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தார். மொத்தம் ஏறக்குறைய 450 கடிதங்கள். அந்த மூலப் புத்தகம் இன்று லீயேஜ் நகர ஆவணக் களஞ்சியத்தில் இருக்கிறது. அந்த நூற்றாண்டு ஜெர்மன் அரசியலைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகப் பேசும் மூலம் வேறு இல்லை என்று சொல்லுகிறார்கள். எனக்கோ அதில் அரசியலைவிட மனிதர்கள்தான் அதிகம் தென்படுகிறார்கள்.

ஒரு தட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயரில் 'ஜி' என்ற முதல் எழுத்து மட்டும்தான் புத்தகத்தில் இருக்கிறது. விபால்ட் மடத்துக்காக ஏதோ வேலை கொடுத்திருந்தார், வேலை முடிந்தபாடில்லை. 1148-ல் அவருக்கு ஒரு கடிதம் போயிற்று. உங்கள் தொழிலில் இருப்பவர்கள் முடிக்க முடியாத அளவுக்கு வேலைகளை ஒப்புக்கொண்டு வாக்குத் தவறுகிறார்கள், பேராசைதான் இதற்கு மூலம், என் வேலையை மட்டும் எடுத்து முடியுங்கள் என்பது அதன் சாராம்சம். தட்டார் வாய் மூடிக்கொண்டு இருக்கவில்லை. உபதேசத்துக்கு மிகவும் வந்தனம் சொல்லிவிட்டு, தம்முடைய பணப்பை காலியாகக் கிடக்கிறது, வேலை வாங்கியவர்கள் யாரும் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதில்லை, ஆகவே பணத்தை அனுப்புங்கள் என்று மிகப் பணிவாக, மிக அழகாகப் பதில் எழுதினார். சாம்ராஜ்யத்தின் சிற்றரசருக்கு ஒரு தொழிலாளி கொடுத்த பதில் அது. விபால்ட் நினைத்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். புத்தகத்தில் படியெடுத்துச் சேர்த்தார்.

இன்னொரு கடிதப் போக்குவரத்து புத்தகங்களைப் பற்றியது. சிஸரோ என்ற ரோமானியப் பேச்சாளரின் நூல்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாகத் திரட்ட வேண்டும் என்று விபால்டுக்கு ஆசை. ஹில்டெஸ்ஹைம் நகரத்தில் ரைனால்ட் என்ற பெயருடைய இளம் பாதிரியாரிடம் சில பிரதிகள் இருந்தன. விபால்ட் கேட்டார். தருகிறேன், ஆனால் ஈடு இல்லாமல் புத்தகம் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்று ரைனால்ட் எழுதினார். குறிப்பிட்ட இரண்டு புத்தகங்களை ஈடாகக் கேட்டார். விபால்டிடம் ஒன்றுதான் இருந்தது. மற்றொன்றுக்குப் பதிலாக யுத்த தந்திரங்களைப் பற்றிய ஒரு நூலை அனுப்பினார். துறவியாக இருந்துகொண்டு சிஸரோவுக்குச் சிஷ்யனாகிவிடலாமா என்ற கேலியும் இடையில் உண்டு. தாம் கிறிஸ்துவின் ஆள்தான், சிஸரோவின் ஆள் அல்ல என்று சமாதானமும் உண்டு. புத்தகம் இரவல் கொடுத்து வாங்கிய எவரும் இந்தக் கடிதங்களைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்துக்கொண்டே ரைனால்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

இரண்டு எஜமானர்கள் என்று சொன்னேன் அல்லவா? கட்டிலே அதற்கும் சாட்சி இருக்கிறது. கொன்ராட் சிலுவைப் போரிலிருந்து தோற்றுத் திரும்பியபோது கிரேக்கச் சக்கரவர்த்தியோடு ஸிஸிலி ரோஜருக்கு எதிராக உடன்படிக்கை செய்துகொண்டு வந்தார். போப்பாண்டவர் யூஜீனியஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் ரோமாபுரியில் இருந்த ஒரு கார்டினலுக்கு விபால்ட் எழுதினார். கிரேக்கரோடு பழகியதில் மன்னருக்கு அவர்களுடைய கர்வமும் அடங்காமையும் சற்றுத் தொற்றியிருக்கிறது என்றும், தாம் பக்கத்தில் இருந்து பணிவைப் புகட்டி வருவதாகவும் அதில் கண்டிருந்தது. மன்னரின் உப்பைத் தின்றுகொண்டு மன்னரைப் பற்றி வெளியே இப்படி எழுதலாமா? எழுதாமல் இருந்தால் போப்பாண்டவரோடு பகை வளர்ந்து மன்னருக்கே கெடுதல் வந்திருக்குமோ? விசுவாசம், துரோகம் என்ற இரண்டு பெட்டிகளில் எதில் இந்தக் கடிதத்தைப் போடுவது என்று எனக்குத் தெளிவாகவில்லை. அதிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களின் கடிதங்கள் பலவும் இப்படி இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன.

1152 பிப்ரவரியில் கொன்ராட் காலமானார். ரோமாபுரியில் முடிசூட்டிக்கொள்ளாமலே போனார். காகிதத்தில் சூடிய கிரீடம் காகிதத்தோடு நின்றுவிட்டது. மூன்று வாரத்துக்குள் அவருடைய அண்ணன் மகன் பிரெடெரிக் மன்னரானார். செந்தாடிக்காரர் என்று பிற்காலத்தில் உலகம் அறிந்த பார்பரோஸா இவர்தான். புதிய மன்னரைப் பற்றி விபால்ட் போப்பாண்டவருக்கு ஒரு கடிதம் எழுதினார். முப்பது வயதுகூட ஆகாதவர், கூர்மையான புத்தி, சட்டென்று தீர்மானிக்கும் குணம், புகழில் பசி, அநியாயத்தைப் பொறுக்காத சுபாவம், சொந்த மொழியில் நல்ல பேச்சு என்று ஒரு சிறு சித்திரமே தீட்டிவிட்டார். பிரெடெரிக்கின் வாழ்க்கையை எழுதும் எல்லாச் சரித்திரக்காரர்களும் இந்தச் சித்திரத்தை எடுத்து ஆளுகிறார்கள். புகழில் பசியுள்ள இளைஞர் பழைய ஆலோசகர்களை எத்தனை நாள் வைத்துக்கொள்வார் என்று எழுதும்போதே விபால்டுக்குத் தோன்றியிருக்குமா? தெரியாது.

அதே வருஷம் ரோமாபுரியிலிருந்து வெட்ஸல் என்ற ஒருவர் பிரெடெரிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ரோமானிய ஜனங்கள் அப்போது போப்பாண்டவரின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி மேற்குச் சாம்ராஜ்யத்தைப் போப்பாண்டவருக்குத் தானம் செய்ததாகச் சொல்லும் பழைய பத்திரம் பச்சைப் பொய், ரோமாபுரியில் கூலிக்காரர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும்கூட இது தெரியும் என்று வெட்ஸல் அடித்துச் சொன்னார். மூன்று நூற்றாண்டு கழித்து லோரென்ஸோ வல்லா என்ற அறிஞர்தான் இதை விரிவாக நிரூபித்தார். மடாதிபதி ஒருவருக்கு இதைவிட விஷமான கடிதம் இருக்க முடியாது. அதுவும் விபால்டின் கட்டில் பத்திரமாக இருக்கிறது.

பிரெடெரிக் பழையவரை உடனே தள்ளிவிடவில்லை; தூரமாக அனுப்பினார். 1155-ல் விபால்ட் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூது போனார். கிரேக்க ராஜகுமாரி ஒருத்தியைப் பிரெடெரிக்குக்குப் பெண் பேசுவது அந்தத் தூதின் நோக்கங்களில் ஒன்று. அவர் திரும்பி வந்த 1156-ம் வருஷக் கோடையில், வூர்ட்ஸ்புர்க் நகரத்தில் பிரெடெரிக் பர்கண்டி நாட்டுப் பியாட்ரிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் பார்க்கப் போனவர் ஊர் திரும்பும்போது மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் தாலி கட்டியாகிவிட்டது! அந்த வருஷமே மந்திராலயத்தின் தலைமைப் பதவி புதியவர் ஒருவருக்குப் போயிற்று. சிஸரோவுக்கு ஈடு கேட்டாரே, அந்த ரைனால்டுக்கு. 1157 அக்டோபரில் பெஸான்ஸோன் நகரத்தில் போப்பாண்டவரின் தூதர்கள் கொண்டுவந்த லத்தீன் கடிதத்தை ரைனால்ட் சபையில் ஜெர்மன் மொழியில் சொன்னார். 'நன்மை' என்றும் 'மானியம்' என்றும் இரண்டு அர்த்தம் தரும் ஒரு சொல்லுக்கு அவர் மானியம் என்றே அர்த்தம் பண்ணினார். சக்கரவர்த்திப் பதவி போப்பாண்டவர் போட்ட மானியமா என்று சபை கொந்தளித்தது. விபால்ட் வாழ்நாளெல்லாம் பட்ட பாடு, இப்படிப்பட்ட ஒரு சொல் இரண்டு பக்கத்தையும் உடைத்துவிடக் கூடாது என்பதற்காக. ரைனால்ட் அதே லத்தீனைக் கொண்டே உடைத்துக் காட்டினார். இருவரும் ஒரே சிஸரோவைப் படித்தவர்கள்.

விபால்ட் மறுபடியும் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பப்பட்டார். 1158 ஜூலை 19-ம் தேதி, திரும்பி வரும் வழியில், மாஸிடோனியாவில் பிடோலா என்ற ஊரில் இறந்தார் என்று சொல்கிறார்கள். வயது 60. கிரேக்கர்கள் விஷம் வைத்துவிட்டார்கள் என்று அந்த நாளில் வதந்தி கிளம்பிற்று. அறுபது வயதில், கோடை வெயிலில், மலைப் பாதையில் குதிரைமேல் போகிற கிழவரைக் கொல்ல விஷம் அவசியமா என்ன? அவருக்குப் பின் ஸ்டாவ்லோவின் தலைவரான அவருடைய சகோதரர் எர்லபால்ட் உடலைத் தருவித்து, 1159 ஜூலை 26-ல் மடத்துக் கோயிலில் அடக்கம் செய்தார்.

பெனடிக்டின் சீடர்கள் துறவு பூணும்போது எடுத்துக்கொள்ளும் பிரதிக்ஞைகளில் ஒன்று, சேர்ந்த மடத்தைவிட்டு அகலாமல் நிலைத்திருப்பேன் என்பது. அந்தப் பிரதிக்ஞை செய்த மனிதருக்கு ஒரே இடத்தில் நிலைத்திருக்க வாய்த்தது இறந்து ஒரு வருஷத்துக்குப் பிறகுதான்.

அவர் பாடுபட்டவற்றில் என்ன மிஞ்சிற்று? ஸ்டாவ்லோ மடம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஒழிந்தது; பெரிய கோயிலில் கோபுரத்தின் ஒரு பகுதிதான் நிற்கிறது. பொன்னும் வண்ணப் பூச்சுமாகச் செய்த, திருச்சிலுவைத் துண்டுகள் பதித்த, மூன்று மடிப்புப் பேழை ஒன்று அவர் காலத்துச் சின்னமாக இன்று நியூயார்க்கில் ஒரு காட்சிசாலையில் இருக்கிறது. கிரேக்கச் சக்கரவர்த்தி கொடுத்த பரிசு அதில் அடங்கியிருக்கிறது என்பது அறிஞர்களின் கருத்து. ரூகன் தீவு கிடைக்கவில்லை. மன்னருக்கும் போப்பாண்டவருக்கும் நடுவே அவர் கட்டிய பாலம் அவர் இறந்த மறு வருஷமே இடிந்து, பதினெட்டு வருஷப் பிளவு தொடங்கிற்று.

கடிதக் கட்டு மட்டும் மிஞ்சிற்று. 2012-ல் ஜெர்மனியில் அதை மூன்று தொகுதிகளாக மறுபடி பதிப்பித்தார்கள். தம் பெருமைக்காகவே ஒருவர் இப்படிச் சேர்த்து வைத்திருந்தால், பணம் கேட்ட தட்டாரும், ஈடு கேட்ட ரைனால்டும், எப்போது வருவீர்கள் என்று கேட்ட துறவிகளும், பழைய பத்திரம் பொய் என்று கத்திய வெட்ஸலும் அதில் இடம் பெற்றிருக்க மாட்டார்கள். அதனால் அவர் சொன்னதையெல்லாம் நான் நம்பிவிடுகிறேன் என்று அர்த்தமல்ல. யூடித்தின் நாலு வரி அந்தக் கட்டில் இல்லை என்பதை மறக்க முடியாது. ஆனால் அரசியல் செய்த எத்தனையோ பேர் தங்களுக்கு வந்த மறுப்புகளை அடுப்பில் போட்டார்கள். இவர் படியெடுத்து வைத்தார். மூன்று மன்னர்களுக்கு ஊழியம் செய்தவரிடம், அந்த மன்னர்களிடம் இல்லாத ஒரு நேர்மை இந்த அளவுக்காவது இருந்தது.